ஸ்டென்ட் வெச்சதுக்கப்பறம் ரத்தக்குழாய் உள்பூச்சை ஆரு திரும்பப் பூசறது? வெள்ளையணுன்னு சொல்றாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வாய்க்காமேட்டுக்காரன் | ஞாயிறு காலை 7:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கப்பாவுக்கு போன தை மாசம் ஹார்ட் அட்டாக் வந்து ஈரோட்ல ஒரு ஆஸ்பத்திரில ஸ்டென்ட் ஒண்ணு, அதாவது அடைச்ச ரத்தக்குழாயைத் தொறந்து வெக்கற கம்பிவலை, வெச்சாங்க. நாலு மாசம் ஆச்சு, ஆளு நல்லா இருக்காரு, காலைல எந்திரிச்சு கட்டுத்தறி கூட்டறாரு, எல்பிபி (கீழ்பவானி) வாய்க்கா மேட்டு மேல நடந்துட்டு வாராரு. இப்ப என்ன ஆச்சுன்னா கடவாய்ப்பல்லு ஒண்ணு சொத்தை, புடுங்கோணும். பல்லு பாக்கற எடத்துல போயி உக்காந்தா "ரத்தம் நிக்காதுங்க, நெஞ்சு மாத்திரை ரெண்டையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. அப்பாவுக்கும் மாத்திரை தின்னு தின்னு சலிச்சுப் போச்சு, அன்னைக்கே நிறுத்திட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு நான் டப்பாவைத் தொறந்து பாத்தா வெள்ளி சனி கட்டத்துல எல்லாம் மாத்திரை அப்படியே கெடக்குது, எனக்கு வெசனமாப் போச்சுங்க. ஹார்ட் டாக்டருக்குப் போன் பண்ணினேன், "ஆரைக் கேட்டு நிறுத்தினீங்க, இப்பவே போடச் சொல்லுங்க, உள்ள பூச்சு இன்னும் முழுசா வளந்திருக்காது"ன்னு சொல்லி வெச்சுட்டாரு. போட்டாச்சு.

என்ற கேள்வி இதானுங்க. அந்தப் பூச்சுங்கறது என்ன, அதை ஆரு வளக்கறது? ஒரு வீடியோல வெள்ளையணு வந்து ரிப்பேர் பண்ணுதுன்னு சொல்றாங்க, இன்னொண்ணுல அடைப்பு வர்றதே வெள்ளையணுவாலதான்னு சொல்றாங்க. ரெண்டும் எப்படிங்க நெசமா இருக்கும்?

செல்_பாக்கறவன் | ஞாயிறு காலை 9:40

அண்ணா, மொதல்ல மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சீங்களே, அதுவே பெரிய காரியம். நான் கோயமுத்தூர்ல செல் உயிரியல்ல பிஎச்டி பண்றேன், ரத்தக்குழாய்தான் என் வேலை, டாக்டர் இல்லை. தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

ரத்தக்குழாய் உள்பக்கம் பூரா ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு விரிப்பு இருக்குது, எண்டோதீலியம்னு பேரு. ரொம்ப வருசம் இதைச் சும்மா ஒரு உறைன்னுதான் நெனச்சிருந்தாங்க. ராபர்ட் ஃபர்ச்காட்னு ஒருத்தர் முயலோட பெருநாடித் துண்டை வெச்சு சோதனை பண்ணிட்டிருந்தாரு, ஒரே மருந்துக்கு ஒரு துண்டு தளருது, இன்னொரு துண்டு தளரவே மாட்டேங்குது. என்னன்னு பாத்தா, துண்டு தயார் பண்ணும்போது உள்பக்கம் உரசி அந்த ஒரு வரிசை செல்லு போன துண்டு மட்டும்தான் தளரலை. 1980ல அதை வெளியிட்டாரு. அந்த செல்லு விடற ஒரு பொருள்தான் குழாயைத் தளத்துது, அது நைட்ரிக் ஆக்சைடுன்னு பின்னாடி தெரிஞ்சு 1998ல மூணு பேருக்கு நோபல் பரிசு வந்துச்சு. குழாயைத் தளத்தறது, ரத்தத்தை உள்ள உறைய விடாம வெக்கறது, எதை வெளிய விடலாம் எதை விடக்கூடாதுன்னு பாக்கறது, எல்லாமே இந்த ஒரு வரிசை செல்லு.

நம்ம பக்கம் எல்பிபில கான்கிரீட் லைனிங் போடறதா வேண்டாமான்னு நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாததா. மண்கரை இருந்தாத்தான் கசிவுல கெணறு ஊறும்னு ஒரு பக்கம், கடைமடைக்குத் தண்ணி எட்டோணும்னு இன்னொரு பக்கம். ஒடம்புக்குள்ள இருக்கறது கான்கிரீட் லைனிங் கெடையாதுங்க, உசிருள்ள மண்கரை. தேவையானது கசியும், தேவையில்லாதது கசியாது.

ஸ்டென்ட் வெக்கும்போது பலூனை ஊதி அடைப்பை ஓரத்துக்குத் தள்றாங்க. அந்த எடத்துல இந்த விரிப்பு கிழிஞ்சு உரிஞ்சு போயிருது. வெறும் கம்பி ரத்தத்துக்குத் தெரியற வரைக்கும் ரத்தத்தட்டு, அதாவது ரத்தத்தை உறைய வெக்கற பொடி அணு, அதைக் காயம்னு நெனச்சு ஒட்டிக்கிட்டே இருக்கும், ஒட்டினா கட்டி, கட்டி ஆனா திரும்ப அட்டாக். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அந்த ஒட்டறதைத் தடுக்கத்தான். இதுல இன்னொரு சங்கதியும் இருக்குது. இப்ப வெக்கற ஸ்டென்ட் மேல சிரோலிமஸ் வகை மருந்து தடவியிருக்கும், ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல இருந்து எடுத்த மருந்து அது. தசை செல்லு அளவுக்கு மீறி வளந்து ஸ்டென்ட்டைத் திரும்ப அடைக்காம அது பாத்துக்கும், ஆனா அதே மருந்து பூச்சு செல்லையும் மெதுவாக்கிரும். அதனாலதான் அட்டாக்குக்கு அப்பறம் வெச்ச ஸ்டென்ட்டுனா பொதுவா ஒரு வருசம் ரெண்டு மாத்திரையும் போடச் சொல்றாங்க. நாலு மாசத்துல ஆளு நல்லா நடக்கறாருங்கறது வேற, உள்ள கம்பி மூடிருச்சாங்கறது வேற.

வெள்ளையணு கதைக்கு சாயங்காலம் வர்றேன், லேப்ல ஒரு வேலை.

பாவுநூல் | ஞாயிறு மதியம் 1:05

தம்பி, நல்லா சொன்னீங்க. நான் சோமனூர்ல தறி ஓட்டறேன், என்ற மாமனாருக்கும் ஸ்டென்ட்தான். அவருக்கு வெச்சப்ப ஒருத்தர் சொன்னாரு, எலும்பு மஜ்ஜைல இருந்து ஸ்டெம் செல்லு ரத்தத்துல வந்து, அடிபட்ட எடத்துல ஒட்டி, அதே உள்பூச்சு செல்லா மாறிக்கும்னு. அதுக்கு ஊசி போட்டு செல்லைக் கூட்டலாம்னு கூட ஒரு எடத்துல பணம் கேட்டாங்க. அது நெசமுங்களா?

செல்_பாக்கறவன் | ஞாயிறு பொழுதோட 6:30

பாவுநூல் அண்ணா, நீங்க கேட்டது இந்தத் துறையில நடந்த பெரிய வாக்குவாதம். 1997ல ஜப்பான்காரர் அசஹாரா தன் குழுவோட, ரத்தத்துல இருந்து எடுத்த செல்லுல உள்பூச்சு செல்லா மாறக்கூடிய வித்து செல்லு இருக்குதுன்னு எழுதினாங்க. ஒலகமே அது பின்னாடி ஓடுச்சு, நெறையப் பேருக்கு செல்லு ஊசி போட்டு சோதனை பண்ணினாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா உன்னிப்பாப் பாக்கப் பாக்க, அப்படி வளத்து எடுத்த செல்லுல பெரும்பங்கு மோனோசைட், மேக்ரோஃபேஜ் குடும்பம்னு தெரிஞ்சுது. அதாவது வெள்ளையணு! அது பூச்சா மாறறதில்லை, பக்கத்துல வந்து உக்காந்து "வளருங்க வளருங்க"ன்னு வளர்ச்சிப் பொருளை விட்டுட்டு இருக்குது. புதுப் பூச்சு வர்றது காயத்தோட ஓரத்துல தப்பிச்ச பூச்சு செல்லு பெருகி, ரெண்டு பக்கமிருந்தும் நகந்து வந்து மூடறதுனாலதான். அருகம்புல்லு வேர் விட்டு வேர் விட்டு வெறும் நெலத்தை மூடற மாதிரி நெனச்சுக்கோங்க. அதனால காசு வாங்கிட்டு ஊசி போடறேன்னு எவன் சொன்னாலும் தயவுசெஞ்சு போகாதீங்க.

இப்ப வெள்ளையணு வேலை. வாய்க்காமேட்டு அண்ணா, உங்கூர் வாய்க்காக்கரைல லஸ்கர் நடப்பாரில்ல, எங்க எலிவளை, எங்க நண்டுவளை, எங்க கசியுதுன்னு பாத்துட்டே போவாரு. அதே வேலைக்கு உள்ள ஒரு ஆளு இருக்குது. மோனோசைட்லயே ஒரு வகை. மத்த ரத்த அணு எல்லாம் வெள்ளத்தோட ஓடிட்டே இருக்க, இது மட்டும் குழாய்ச் சுவத்தைப் புடிச்சுட்டு ஊந்து ஊந்து நடக்கும், ஓட்டத்துக்கு எதுக்கவும் நடக்கும். 2007ல உசிரோட இருக்கற எலியோட சின்னக் குழாயை மைக்ராஸ்கோப்புல பாத்துட்டே இருந்து இதைக் கண்டுபுடிச்சாங்க. நான் மொதமொதல்ல அந்த மாதிரி படம் ஓடறதைப் பாத்தப்ப ரெண்டு மணி நேரம் எந்திரிக்கலீங்க. மனுசன்ல இந்த வகைக்கு ஆயுசு சுமார் ஒரு வாரம். ஓடற மோனோசைட் ஒரு நாள்தான் ரத்தத்துல இருக்கும்.

கொத்துவேலை_காங்கயம் | ஞாயிறு ராத்திரி 8:52

நான் முப்பது வருசமா பூச்சு வேலை பண்றவன், எனக்கு இந்த விசயத்துல ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா. பழைய செவுத்துல பூச்சு விட்டுப்போச்சுன்னா நாங்க மேல அப்படியே பூச மாட்டோம். கரண்டிக் கட்டையில தட்டிப் பாப்போம், பொக்குனு சத்தம் கேட்டுதுன்னா அந்த எடம் பூரா, கூட ஒரு சாண் சேத்து கொத்தி எடுத்துருவோம். தூசியைக் கூட்டி, தண்ணி விட்டு நனைச்சு, சிமெண்ட் பாலு அடிச்சு, அப்பறந்தான் பூச்சு. கொத்தாம பூசினா அடுத்த மழைக்கு ஒட்டுக்கா உரிஞ்சு வந்துரும். ஒடம்புலயும் அந்தக் கொத்தற வேலையை ஆராவது பண்ணோணுமில்லீங்களா?

செல்_பாக்கறவன் | ஞாயிறு ராத்திரி 9:30

அண்ணா, நீங்க கேட்டதுக்கு 2013ல வந்த ஒரு ஆராய்ச்சிதான் பதில். எலியோட சிறுநீரகத்துல இருக்கற நுண்குழாய்ல, அந்த நடக்கற மோனோசைட் ஆபத்துச் சைகை கெடைச்ச எடத்துல நின்னு, நியூட்ரோஃபிலைக் கூப்புடுது. நியூட்ரோஃபில்தான் வெள்ளையணுல கூட்டம் அதிகம். அது வந்து கெட்டுப்போன பூச்சு செல்லைக் கொல்லுது, மோனோசைட் அந்தக் குப்பையைத் தின்னு சுத்தம் பண்ணுது. தட்டிப் பாக்கறவன், கொத்தறவன், கூட்டி அள்றவன், எல்லாம் இருக்கறாங்க.

அப்பறம் மேக்ரோஃபேஜ். பேருக்கு அர்த்தம் பெருந்தீனிக்காரன். ரத்தத்துல ஓடற மோனோசைட் திசுவுக்குள்ள எறங்கினா பெரும்பாலும் இதாத்தான் ஆகும். மெச்னிகாஃப்னு ஒருத்தர் 1882ல இத்தாலில கடற்கரைல உக்காந்து நட்சத்திரமீன் குஞ்சு ஒடம்புல ரோஜாமுள்ளைக் குத்தி வெச்சு, மறுநாள் காலைல பாத்தா முள்ளைச் சுத்தி செல்லு மொச்சுக் கெடந்துச்சு, அதுல இருந்து ஆரம்பிச்சது இந்தக் கதை. மேக்ரோஃபேஜ் மொதல்ல சண்டைக்காரனா வரும், செத்த செல்லைத் தின்னும், தின்னு முடிச்ச அந்தத் தீனியே அதுக்கு ஒரு சைகை, "சண்டை முடிஞ்சுது, இனி கட்டு"ன்னு. அப்ப அது விடற பொருள் மாறிரும், பூச்சு செல்லு பெருகறதுக்கு உதவி பண்ற பொருளை விட ஆரம்பிக்கும். இந்த மாறற நேரம்தான் முக்கியம், அதை அப்பறம் சொல்றேன்.

பாவுநூல் அண்ணாவுக்குப் புடிக்கற ஒண்ணு இருக்குது. 2016ல சீனால ஒரு குழு, வரிக்குதிரை மீன் குஞ்சுல பாத்தாங்க. அந்தக் குஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கும், உள்ள ஓடற ரத்தம் தெரியும். லேசர் வெச்சு மூளைல ஒரு பொடிக் குழாயை அத்து விட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு முனை, இந்தப் பக்கம் ஒரு முனை, நடுவுல எடைவெளி. ஒரு மேக்ரோஃபேஜ் வந்துச்சு, ரெண்டு பக்கமும் கையை நீட்டுச்சு, ரெண்டு முனையையும் புடிச்சுச்சு, இழுத்துச்சு, ரெண்டும் ஒட்டற வரைக்கும் இழுத்துச்சு, ஒட்டினதும் விட்டுட்டுப் போயிருச்சு. எல்லாம் சில மணி நேரத்துல.

பாவுநூல் | திங்கள் காலை 6:10

தம்பி, ராத்திரி படிச்சுட்டுத் தூக்கமே வரலை, ஷிப்ட்டுக்கு வந்து தறிகிட்ட நின்னு எழுதறேன். பாவுல இழை அந்துச்சுன்னா தறி நிக்கும். நாம போயி அந்த இழையோட ஒரு முனையைப் பின்னாடி தேடோணும், இன்னொரு முனை துணிப்பக்கம் இருக்கும், எடையில எட்டாது, துண்டு நூல் சேத்து முடிச்சுப் போட்டு, அச்சுக்கண்ணுல இழுத்து விட்டாத்தான் தறி ஓடும். நாப்பது வருசமா இந்தக் கை பண்ற வேலையை ஒரு மீன் குஞ்சு தலைக்குள்ள ஒரு செல்லு பண்ணுதுன்னா கேக்கவே மேலு சிலுக்குதுங்க. அப்ப எங்க மாமனாருக்கும் உள்ள அப்படித்தான் முடிச்சுப் போட்டுட்டு இருக்குதுங்களா?

செல்_பாக்கறவன் | திங்கள் காலை 8:15

அப்படியே எடுத்துக்க முடியாதுங்கண்ணா. அது மீன் குஞ்சு, மயிர விடச் சின்னக் குழாய். நெஞ்சுக் குழாய் அதைவிட எத்தனையோ மடங்கு பெருசு, அங்க குழாய் அந்து போகலை, உள்பூச்சுதான் உரிஞ்சிருக்குது. அங்க மூடற வேலை ஓரத்துப் பூச்சு செல்லோடது, வெள்ளையணு வேலை கொத்தறதும், அள்றதும், தூண்டறதும்.

லேப்_அக்கா | திங்கள் காலை 11:20

நான் ரத்தப் பரிசோதனை லேப்ல பதினெட்டு வருசமா வேலை பாக்கறேன். இந்த இழையைப் படிச்சுட்டு ஆராவது நாளைக்கே ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு "மோனோசைட் 3 தான் இருக்குது, கம்மியா, ஏத்தறதுக்கு என்ன சாப்பிடோணும்"னு வந்து நிப்பீங்க, அதுக்காக எழுதறேன். வெள்ளையணுல நூத்துக்கு ரெண்டுல இருந்து எட்டு வரைக்கும் மோனோசைட் இருக்கறது சாதாரணம், 3க்கும் 6க்கும் அர்த்தம் தேடாதீங்க. நடக்கற வகை எவ்வளவு இருக்குதுன்னு அந்த சாதாரண ரிப்போர்ட்ல தெரியவே தெரியாது.

பாக்க வேண்டியது சக்கரை. எங்கம்மாவுக்கு ரெண்டு வருசம் முன்னாடி கால் கட்டைவெரல்ல செருப்பு கடிச்சு ஒரு புண்ணு. மிளகாய் விதை அளவுதான். சக்கரை முன்னூறுக்கு மேல, எனக்கே சொல்லாம மறைச்சிருந்தாங்க, நான் தினம் நூறு பேருக்கு சக்கரை பாக்கறவ. ஏழு மாசம் ஆறலை அந்தப் புண்ணு. கட்டு மாத்தும்போதெல்லாம் பாப்பேன், ஓரம் வெள்ளையா தடிச்சு, நடுவுல ஈரமா அப்படியே நிக்கும், உள்ள வரவும் மாட்டேங்குது, பெருசாகவும் மாட்டேங்குது. சர்ஜன் சொன்னாரு, சக்கரை ஏறினவங்களுக்கு மேக்ரோஃபேஜ் சண்டைக்காரனாவே நின்னுரும், கட்டறவனா மாறவே மாறாது, அதனால புண்ணு மொத நாள்லயே நிக்குதுன்னு. அவரு அந்தப் புண்ணோட ஓரத்தைக் கத்தியில செதுக்கி எடுத்தாரு, சக்கரையை ஒரு வழியா எறக்கினோம், அதுக்கப்பறந்தான் ஓரம் சிவந்து உள்ள நகந்துச்சு. கொத்துவேலை அண்ணா சொன்னாரே கொத்தி எடுக்கோணும்னு, அப்படியே அதேதான். வாய்க்காமேட்டு அண்ணா, அப்பாவுக்கு சக்கரை இருக்குதுங்களா? பீடி குடிப்பாங்களா? ரெண்டுமே அந்த உள்பூச்சைத்தான் மொதல்ல அடிக்கும்.

வாய்க்காமேட்டுக்காரன் | திங்கள் மதியம் 2:02

சக்கரை கொஞ்சம் இருக்குதுங்க்கா, மாத்திரைல இருக்காரு. பீடி அட்டாக்கோட விட்டாச்சு. சின்ன வயசுல இருந்து குடிச்ச பீடி.

மஞ்சமண்டி | திங்கள் பொழுதோட 5:48

வெள்ளையணுதான் ரிப்பேர் பண்ணுதுன்னா எதிர்ப்பு சக்தியை ஏத்தினாப் போதுமில்லீங்களா. நாங்க மஞ்ச யாவாரம், ஊட்ல தினமும் மஞ்ச மிளகு கசாயம் வெக்கறோம். மஞ்ச மாத்திரையும் இப்ப விக்குது, ஒரு நாளைக்கு ரெண்டு போட்டா நல்லதுன்னு சொல்றாங்க. அப்பாவுக்குக் குடுத்துப் பாருங்க.

செல்_பாக்கறவன் | திங்கள் ராத்திரி 9:05

மஞ்சமண்டி அண்ணா, கொழம்புல போடற மஞ்சளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஈரோட்டு மஞ்ச. ஆனா ரத்தம் நீத்துப்போக வெக்கற மாத்திரை ரெண்டு போடறவருக்கு மஞ்ச மாத்திரை, கசாயப் பொடின்னு எதைக் குடுத்தாலும் டாக்டர் கிட்டக் கேட்டுட்டுத்தான் குடுக்கோணும், ரத்தப்போக்கு கூடலாம்.

"ஏத்தறது"ங்கற பேச்சே இங்க ஒத்து வராதுங்க. வாய்க்காமேட்டு அண்ணா மொதல்ல கேட்ட ரெண்டாவது கேள்வி இதுதான். அடைப்பு எப்படி வருது? பீடி, பிரசர், சக்கரை, கெட்ட கொழுப்பு இதெல்லாம் சேந்து பூச்சை நலிய வெச்சிருது, கொழுப்பு பூச்சுக்கடியில நொழையுது, அள்றதுக்கு மோனோசைட் உள்ள போயி மேக்ரோஃபேஜ் ஆகுது, தின்னுது, தின்னுது, தின்னு தின்னு நொரையாட்டம் ஊதி, வெளிய வர முடியாம அங்கயே செத்து விழுது. அதைத் தின்ன இன்னொண்ணு வருது. கூட்ட வந்தவனே குப்பையாகற கதை. ரெண்டு வீடியோவும் சொன்னது நெசம்தான், அதே குடும்பத்துச் செல்லுதான்.

சரி, அப்ப அமுக்கிரலாமான்னும் பாத்தாங்க. 2017ல கானகினுமாப்னு ஒரு ஊசி, அட்டாக் வந்த பத்தாயிரத்து சொச்சம் பேரு கிட்ட. அழற்சியை மட்டும் கொறைச்சா திரும்ப அட்டாக் வர்றது கொறையுதுன்னு நிரூபிச்சுது, கொழுப்பைத் தொடாமலே. ஆனா தொற்று வந்து செத்தவங்க எண்ணிக்கை கூடுச்சு, மொத்தத்துல உசிர்க் கணக்கு மாறலை. ஏத்தினாலும் ஆகாது, ஒரேடியா அமுக்கினாலும் ஆகாது, வர்ற நேரத்துல வந்து, கொத்திட்டு, அள்ளிட்டு, மாறிட்டு, போயிரோணும். இதுக்கு நம்மால ஆகற உதவி சக்கரையை வெக்கற எடத்துல வெக்கறது, பீடி தொடாம இருக்கறது, கொழுப்பு மாத்திரையை விடாம போடறது, நடக்கறது. நடக்கும்போது ரத்தம் வேகமா உரசி ஓடுதே, அந்த உரசல்தான் பூச்சு செல்லை நைட்ரிக் ஆக்சைடு விட வெக்குது.

மூலனூர்_செங்காந்தள் | செவ்வாய் காலை 5:55

நான் படிச்சவன் இல்லீங்க, கண்வலிக்கிழங்கு போட்டிருக்கறேன், ரெண்டு ஏக்கரா, கம்பிப் பந்தல். விதை வாங்க வர்றவங்க கொல்கிசின் மருந்துக்குன்னு சொல்வாங்க, மூட்டு வாதத்துக்குன்னுதான் கேள்விப்பட்டிருக்கறேன். நெஞ்சுக்கும் வருதுன்னு இப்ப ஒரு பேச்சு. அது இந்த வெள்ளையணு சமாச்சாரம்தானுங்களா? பூ பூத்தா வெடியக்காலம் ஒவ்வொரு பூவா கையிலயே மகரந்தம் தடவி விடோணும், அந்த வேலைக்குத்தான் இப்பக் கெளம்பறேன்.

செல்_பாக்கறவன் | செவ்வாய் காலை 8:30

அதேதாங்கண்ணா! உங்க பந்தல்ல காய்க்கற விதைல இருக்கற கொல்கிசின், நியூட்ரோஃபில் ஊந்து போறதையும் அழற்சியையும் மட்டுப்படுத்தும். 2019லயும் 2020லயும் வந்த ரெண்டு பெரிய ஆய்வுல தினம் அரை மில்லிகிராம் குடுத்தவங்களுக்கு அட்டாக், பக்கவாதம் மாதிரி நிகழ்ச்சி கொறைஞ்சுது, 2023ல அமெரிக்கால அந்த அளவுக்கு அனுமதியும் குடுத்தாங்க. 2024ல ஏழாயிரம் பேரை வெச்சு பண்ணின இன்னொரு ஆய்வுல பலன் தெரியலை, அதனால டாக்டர்களுக்குள்ளயே பேச்சு ஓடிட்டிருக்குது. ஆருக்குக் குடுக்கலாங்கறதை ஹார்ட் டாக்டர்தான் முடிவு பண்ணோணும்.

இதைப் படிக்கற எல்லாருக்கும், காலில் விழுந்து கேக்கறேன், கெழங்கையோ விதையையோ வாயில வெச்சுப் பாக்காதீங்க. மருந்து அரை மில்லிகிராம். ஒரு கெழங்கு ஆளைக் கொன்னுரும்.

மூலனூர்_செங்காந்தள் | செவ்வாய் காலை 10:40

அது எங்க பக்கம் கொழந்தைக்கும் தெரியுமுங்க, ஆடு கூட அக்கட்ட போகாது. சொன்னதுக்கு நன்றி தம்பி.

வாய்க்காமேட்டுக்காரன் | அடுத்த ஞாயிறு மதியம் 12:20

எல்லாருக்கும் சொல்லோணும்னு வந்தேன். ஹார்ட் டாக்டர் கிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு, வேற ஒரு பல் டாக்டரம்மா கிட்டப் போனோம். அந்தம்மா சீட்டைப் படிச்சுட்டு டாக்டருக்கே போன் போட்டுப் பேசுனாங்க. "ஒரு பல்லுக்கு எதுக்குங்க நிறுத்தோணும், கொஞ்சம் கூட நேரம் ரத்தம் வரும், அவ்வளவுதான்"னு சொல்லி, ரெண்டு மாத்திரையும் போட்டிருக்கும்போதே பல்லை எடுத்தாங்க. குழில என்னமோ பஞ்சு மாதிரி ஒண்ணு வெச்சு ஒரு தையல் போட்டு, மேல துணியை மடிச்சு வெச்சு அரை மணி நேரம் கடிச்சுட்டு உக்காரச் சொன்னாங்க. அப்பா துணியைக் கடிச்சுட்டு என்ற கையைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தாரு. எடுத்துப் பாத்தா எச்சல்ல லேசா சிவப்பு, அவ்வளவுதான்.

ஊட்டுக்கு வந்து செல்_பாக்கறவன் தம்பி சொன்ன லஸ்கர் கதையை அவருகிட்டச் சொன்னேன். எங்கப்பா காலத்துல ஒருக்கா ராத்திரி மதகுகிட்ட கரை ஒடைஞ்சு, லஸ்கர் ஓடிவந்து ஊரை எழுப்பி, எல்லாரும் மணல்மூட்டையும் தென்னமட்டையும் போட்டு விடிய விடிய அடைச்சாங்களாமா, அதை ரெண்டு மணி நேரம் சொன்னாரு. சொல்லி முடிச்சுட்டு "அப்ப உள்ள நடக்கறவன் ராத்திரியும் நடப்பானா"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலை, நடப்பான்னு சொல்லிட்டேன். சரியா தம்பி?

செல்_பாக்கறவன் | அடுத்த ஞாயிறு மதியம் 12:31

சரிதாங்கண்ணா. ராத்திரியும் நடப்பான். பல் குழி ஆறற வரைக்கும் அந்தப் பக்கம் நாக்கை வெச்சு நோண்ட வேண்டாம்னு அப்பா கிட்டச் சொல்லுங்க, அங்கயும் இப்ப வேலை நடந்துட்டிருக்குது.